தடம் இருக்கிறது, சாணம் எங்கே?

சேர்வராயன் மலையில் அறிவியலுக்குப் பெயர் தெரியாத உயிர்கள் வாழ்ந்துகொண்டுதான் இருந்தன. 2000ஆம் ஆண்டில் ஒன்றுக்குப் பெயர் வைத்தார்கள்: நெமாஸ்பிஸ் யெர்காடென்சிஸ். ஏற்காடு என்ற ஊர்ப் பெயரே லத்தீன் வேஷம் கட்டி அதில் உட்கார்ந்திருக்கிறது. 2019இல் இதே மலைத்தொகுதியிலிருந்து இன்னும் இரண்டு வந்தன. அவற்றில் ஒன்றின் பெயர் நெமாஸ்பிஸ் ஷெவராயென்சிஸ். மூன்றும் பல்லிகள். வீட்டுச் சுவரில் டியூப்லைட் பக்கம் பூச்சி பிடிக்கும் பல்லிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் இவற்றின் கண்மணி வட்டம். வீட்டுப் பல்லிக்கு இருப்பதுபோல் செங்குத்துக் கோடு அல்ல. உள்ளங்கையில் அடங்கிவிடும்.

20 கொண்டை ஊசி வளைவுச் சாலை, கோடை விழாக் கூட்டம், இருநூறு வருஷமாகக் காப்பித் தோட்டம், அடிவாரத்தில் 2011 கணக்குப்படி 8 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சேலம் மாநகரம். இத்தனைக்கும் நடுவே இவை பாறை இடுக்கில் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கின்றன. அதனால் "இந்தக் காலத்தில் தெரியாத விலங்கு என்று ஒன்று இருக்கவே முடியாது" என்று பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு கிடையாது. என் கேள்வி வேறு. ஒரு சின்னப் பல்லியிடம் கேட்ட சான்றை, இந்த மலைப்பனியில் பார்த்ததாக யாராவது சொல்லும் ஆள் உயர மர்ம விலங்கிடம் ஏன் கேட்காமல் விடுகிறோம்?

பல்லி என்னென்ன காட்டியது என்று பாருங்கள். முதலில் உடல்: பதப்படுத்தி, பதிவெண் போட்டு, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கும்படி ஓர் ஆய்வுச் சேகரிப்பில் வைக்கப்பட்ட உடல். அடுத்து எண்ணிக்கை: மேலுதட்டுச் செதில் எத்தனை, விரலுக்கு அடியில் உள்ள மடிப்பு எத்தனை, தொடைத் துளைகள் எத்தனை. பிறகு மரபணு: என்.டி.2 என்ற ஒரு மரபணுத் துண்டை எடுத்து, இந்தியாவின் மற்ற நெமாஸ்பிஸ் பல்லிகளோடு வரிசையாக ஒப்பிட்டார்கள். கடைசியாக இடம்: எந்தப் பாறை, என்ன உயரம், எந்தத் தேதி. இவ்வளவும் கொடுத்த பிறகுதான் பெயர் கிடைத்தது. இதில் ஒன்றைக்கூடக் காட்டாமல், ஒரு மங்கல் போட்டோவும் ஒரு காலடியும் வைத்துக்கொண்டு 2 மீட்டர் உயர விலங்கை நம்பச் சொன்னால், அது அந்தப் பல்லிக்குச் செய்யும் அநியாயம்.

இனி சாட்சி. நாகலூர்ப் பக்கமிருந்து ஒருவர் வந்து, "மங்கலா இருந்துச்சுங்க, மனுஷனாட்டம் ரெண்டு கால்ல நின்னுச்சு, வீட்டு ஒசரம் இருக்கும்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது சோம்பேறித்தனம். மலைப்பனி அரண்டவனை மட்டும் ஏமாற்றுவதில்லை, அரளாதவனையும் ஏமாற்றும். அதற்கான காரணத்தைக் கணக்குப் போட்டே காட்டலாம்.

தூரத்தை மூளை பல வழிகளில் அளக்கிறது. அதில் ஒன்று தெளிவு: மங்கலாகத் தெரிந்தால் தூரத்தில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். வெயில் நாளில் இது சரியாகவே வேலை செய்யும். பனிமூட்டத்தில் 15 மீட்டரில் நிற்கும் பொருளும் மங்கலாகத்தான் தெரியும். மூளை அதை 40 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 1 மீட்டர் உயர விலங்கு சுமார் 2.7 மீட்டர் உயரமாகத் தோன்றும். சாட்சி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் விழுந்த பிம்பம் உண்மை, தூரம் மட்டும் தப்பு.

நிழல் இன்னும் பெரிய வேலை காட்டும். முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த சூரியன், முன்னால் பள்ளத்தில் பனிமூட்டம் என்று அமைந்தால், நம் நிழலே பனியின் மேல் ராட்சத உருவமாக எழுந்து நிற்கும். தலையைச் சுற்றி வண்ண வளையம்கூடத் தெரியும். ஜெர்மனியின் புரோக்கன் மலையில் 1780இல் இதை விவரித்து எழுதினார்கள், அதனால் புரோக்கன் நிழலுரு என்று பெயர். ஏற்காட்டின் கிழக்கு ஓரத்தில், பகோடா பாயிண்ட் போன்ற இடங்களில், சாயங்காலம் இதற்குத் தோதான நேரம். ராத்திரியில் சூரியனின் இடத்துக்கு வண்டியின் முகப்பு விளக்கு வந்துவிடும். பனிக்குள் நடந்து போகிறவருக்குப் பின்னால் ஒரு லாரி ஏறி வருகிறது. விளக்கு நெருங்க நெருங்க அவருடைய நிழல் முன்னால் பெரிதாகிக்கொண்டே போகும். வளைவில் லாரி திரும்பியதும் அந்த உருவம் ஒரே தாவலில் பள்ளத்துப் பக்கம் பாய்ந்து மறையும். ஆகவே சாட்சியிடம் முதலில் கேட்க வேண்டியது "எவ்வளவு உயரம்?" அல்ல. "அப்ப பின்னாடி வண்டி ஏதாச்சும் வந்துச்சுங்களா? வெளிச்சம் எந்தப் பக்கம் இருந்துச்சுங்க?" என்பதுதான்.

உயரத்தைக் கேட்கவும் ஒரு முறை உண்டு. அடிக்கணக்கில் கேட்டால் ஆளுக்கொரு அடி சொல்வார்கள். சாட்சி நின்ற இடத்துக்கே அவரைக் கூட்டிப்போய், அதே நேரத்தில், அவர் காட்டிய இடத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். அவர் கையில் 10 செ.மீ.க்கு ஒரு பட்டையாகச் சிவப்பும் வெள்ளையும் அடித்த 2 மீட்டர் கழி இருக்கட்டும். "அந்த சில்வர் ஓக்குல எந்தக் கிளை வரைக்குமுங்க தல இருந்துச்சு?" என்று கேளுங்கள், கழியை வைத்து அளந்துகொள்ளுங்கள். போட்டோ இருந்தால் வேலை இன்னும் சுலபம். அதே போனில், அதே இடத்திலிருந்து, அதே ஜூமில், கழி பிடித்த ஆளையும் ஒரு படம் எடுங்கள். படத்தில் விலங்கு 120 பிக்சல் உயரம், 165 செ.மீ. ஆள் 300 பிக்சல் உயரம் என்றால், விலங்கின் உயரம் 120ஐ 300ஆல் வகுத்து 165ஆல் பெருக்கினால் கிடைப்பது: 66 செ.மீ. அது சிறுத்தையின் தோள் உயரத்துக்குள் அடங்கும், பெரிய நாய்க்கும் பொருந்தும்.

போட்டோ வாட்ஸ்அப்பில் வந்ததென்றால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்யாதீர்கள். அனுப்பும்போதே படம் சுருங்குகிறது; எடுத்த நேரம், லென்ஸ், ஜூம் பற்றிய விவரங்கள் உதிர்ந்துவிடுகின்றன. படம் எடுத்தவரிடமே, "போட்டோவா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்க" என்று கேட்டு வாங்குங்கள். அதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் சேர்த்துக் கேளுங்கள். கணினியே படம் வரைந்து தரும் காலத்தில், தனியாக வரும் ஒரே ஒரு படத்தை நம்பக் கூடாது. வெட்டிய படத்தையும் நம்பக் கூடாது. ராட்சதப் பிராணி இருப்பதாகச் சொல்லப்படும் ஸ்காட்லாந்தின் லாக் நெஸ் ஏரியின் பேர்பெற்ற 1934ஆம் ஆண்டுப் படம் அப்படித்தான் ஊரை ஏமாற்றியது. கழுத்து நீண்ட பிராணியை மட்டும் விட்டு ஓரங்களை வெட்டிவிட்டார்கள். வெட்டாத முழுப் படத்தில் சுற்றியிருக்கும் நீரலைகளோடு பார்த்தால் உருவம் எவ்வளவு சின்னது என்று தெரிகிறது. பொம்மை நீர்மூழ்கியின் மேல் தலையும் கழுத்தும் செய்து ஒட்டியது என்ற ஒப்புதல் 1994இல் வெளிவந்தது. 60 வருஷம்!

காலடித் தடத்துக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சேர்வராயனில் பெரிய, மனிதத்தனமான தடம் என்றால் முதலில் நினைவுக்கு வர வேண்டியது கரடி. கரடியூர் என்று ஊரே இருக்கிற மலை இது. கரடி உள்ளங்கால் முழுவதையும் ஊன்றி நடக்கிறது, அதனால் பின்கால் தடத்தில் குதிகாலோடு ஐந்து விரலும் பதியும். பார்த்ததும் மனிதக் கால் போலவே இருக்கும். விரல்களைக் கவனியுங்கள். மனிதனுக்குப் பெரிய விரல் உள்பக்கம். கரடிக்கு உள்பக்க விரல்தான் சிறியது. ஆகவே கரடியின் இடது கால் தடம் மனிதனின் வலது கால் போலத் தெரியும். வரிசையாகப் பார்த்தால் யாரோ காலை மாற்றி மாற்றிப் போட்டு நடந்த மாதிரி இருக்கும். நம் கரடிக்கு இன்னும் ஓர் அடையாளம் உண்டு: விரல்கள் வளைவாக இல்லாமல் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் நிற்கும். புற்றுத் தோண்டும் முன்காலின் நீண்ட நகங்கள் விரலுக்கு முன்னால் தனியாகக் குத்தியிருக்கும். நிதானமாக நடக்கும்போது முன்கால் தடத்தின் மேலேயே பின்கால் பாதி விழுந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே நீண்ட தடமாகிவிடும். "ஒன்றரை அடிக் கால்" பிறப்பது இப்படித்தான்.

மண்ணும் பொய் சொல்லும். மழை விட்ட சரிவில் காட்டு மாட்டின் குளம்பு வழுக்கினால் இரண்டு பிளவும் சேர்ந்து, தடம் நீளும். சில்வர் ஓக் இலையிலிருந்து சொட்டும் தண்ணீர் தடத்தின் ஓரத்தைக் கரைத்து அகலமாக்கும். இமயமலையில் 1951இல் மலையேறி எரிக் ஷிப்டன் எடுத்த, 'எட்டி' என்கிற பனிமனிதனின் தடம் என்று சொல்லப்பட்ட படம் உலகம் முழுக்கச் சுற்றியது. அங்கே பனிக்கட்டி செய்கிற வேலையை இங்கே செம்மண் சேறு செய்கிறது: வெயிலும் நீரும் பட்டால் தடம் வளரும். ஒரு தடம் போதாது. குறைந்தது பத்துத் தடம், தொடர்ச்சியாக வேண்டும். ஒவ்வொன்றின் நீளம், அகலம், ஆழம், அடுத்த தடத்துக்கு உள்ள தூரம், இடதுக்கும் வலதுக்கும் உள்ள இடைவெளி ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். உயிருள்ள கால் கல்லில் மடங்கும், சேற்றில் விரியும், ஏற்றத்தில் விரலை ஊன்றும். பத்துத் தடமும் பத்து விதமாக இருக்கும். பத்தும் அச்சடித்த மாதிரி ஒன்றுபோல இருந்தால் மரக்கட்டையைச் சந்தேகியுங்கள். கலிபோர்னியாவின் புளஃப் கிரீக்கில் 1958இல் கிளம்பிய பிக்ஃபுட் என்கிற ராட்சதக் குரங்கு மனிதனின் தடங்களின் கதையும் கட்டைக் காலில்தான் போய் நின்றது. அங்கே சாலை வேலை எடுத்திருந்த ரே வாலஸ் 2002இல் இறந்தபின் அவர் குடும்பத்தார் அந்த மரக் கால்களை எடுத்துக் காட்டினார்கள்.

படம் எடுக்கும்போது போனைத் தடத்துக்கு நேர் மேலே, தரைக்கு இணையாகப் பிடியுங்கள். பக்கத்தில் 10 ரூபாய் நாணயம் ஒன்றை வைத்தால் அதன் விட்டம் 27 மி.மீ. என்று எல்லோருக்கும் சரிபார்க்க முடியும். நாணயம் தடத்தின் அடிமட்டத்தில் இருக்க வேண்டும். மேட்டில் வைத்தால் அது பெரிதாகவும் தடம் சிறிதாகவும் தெரியும். இன்னொரு படம் சாய்வான வெளிச்சத்தில் எடுத்தால் விளிம்பு நன்றாகத் தெரியும்.

அச்சு எடுப்பதாக இருந்தால் இந்தப் படங்களை எல்லாம் எடுத்த பிறகு எடுங்கள், ஏனென்றால் அச்சு எடுத்ததும் தடம் அழிந்துவிடும். 20 செ.மீ. தடத்துக்கு ஒரு கிலோ பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் போதும். பழைய எக்ஸ்ரே படத்தை 5 செ.மீ. அகலத்துக்குக் கத்தரித்துத் தடத்தைச் சுற்றி வேலிபோல ஊன்றி, கிளிப் போடுங்கள். இரண்டு மக் மாவுக்கு ஒரு மக் தண்ணீர். தண்ணீரில்தான் மாவைத் தூவ வேண்டும். மாவில் தண்ணீரை ஊற்றினால் கட்டி விழும். குமிழி வராமல் மெதுவாக ஒரு நிமிஷம் கலக்கினால் தோசை மாவுப் பதம் வரும். தடத்தின் மேல் நேராகக் கொட்டாமல், ஓரத்தில் கரண்டி வைத்து அதன் மேல் ஊற்றி வழிய விடுங்கள். பாதி நிரம்பியதும் நாலைந்து ஈர்க்குச்சியைக் குறுக்கே போட்டு மீதியை ஊற்றினால் தூக்கும்போது உடையாது. கனம் இரண்டரை செ.மீ.க்குக் குறையக் கூடாது. சேலத்தில் 20 நிமிஷத்தில் இறுகுவது ஏற்காட்டுக் குளிரில் 40 நிமிஷம்கூட ஆகும். அவசரப்பட்டுத் தூக்கினால் விரல் பகுதி மண்ணிலேயே நின்றுவிடும். மண்ணைக் கழுவுவதற்கு முன் இரண்டு நாள் காய விடுங்கள். ஈரம் கண்ட பழைய மாவு சரியாக இறுகாது, டப்பாவில் அடைத்து வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். காய்ந்த, மாவு போன்ற நைஸ் மண்ணில் அப்படியே ஊற்றினால், மண் பிளாஸ்டரிலிருந்து தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சிக்கொண்டே பிளாஸ்டர் பரவும்போது அச்சின் மேல் மெல்லிய வரிகள் விழும். பார்ப்பதற்குக் கைரேகை, கால்ரேகை போலவே இருக்கும். அமெரிக்காவில் பிக்ஃபுட் அச்சுகளில் "தோல் ரேகை இருக்கிறது, இதைப் போலியாகச் செய்ய முடியாது" என்று வாதாடியவர்களுக்கு, காலே படாத மண்ணில் அச்சு எடுத்து இதே வரிகளை வரவழைத்துக் காட்டினார்கள். ஊற்றுமுன் தெளிப்பான் பாட்டிலால் லேசாக ஈரப்படுத்திவிட்டால் இந்த வரி வராது.

தானியங்கிக் கேமரா வைக்கிறவர்கள் தரையிலிருந்து 40 முதல் 50 செ.மீ. உயரத்தில், தடப்பாதையிலிருந்து 3 அல்லது 4 மீட்டர் தள்ளி, வடக்கையோ தெற்கையோ பார்த்துக் கட்டுவார்கள். கிழக்கு மேற்கில் வெயில் விழுந்து வெறும் படமாக நிரம்பும். முன்னால் உள்ள புல்லை வெட்டிவிட வேண்டும். காற்றில் ஆடும் சூடான புல்லையும் விலங்கென்று எடுத்துக்கொண்டு கேமரா சுட்டுத் தள்ளும். ராத்திரி அகச்சிவப்பு வெளிச்சத்தில் வண்ணம் போய்விடும், வேகமாக நகரும் கால் இழுபட்டு நீளும். மரநாய்க்குக் குரங்குக் கால் முளைப்பது அப்படித்தான். சொந்த எஸ்டேட்டில் வைத்துக்கொள்ளலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம்.

முடி கிடைத்தால் கையால் தொடாதீர்கள். கம்பி வேலியில் சிக்கியதை இடுக்கியால் எடுத்துக் காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் கட்டிப் பூஞ்சை பிடிக்கும். கண்ணாடித் தகட்டில் நிறமில்லாத நெயில் பாலிஷ் தடவி, அதில் முடியைப் பதித்து, காய்ந்ததும் உரித்தால் மேற்புறச் செதில் வடிவம் அச்சாக நிற்கும். நுண்ணோக்கியில் முடியின் நடுத்தண்டைப் பாருங்கள். முடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்றால் மனித முடியாக இருக்கலாம், பாதிக்கு மேல் என்றால் விலங்கு. மான் இன முடியில் நடுத்தண்டு ஏறக்குறைய முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு வலைபோலத் தெரியும். அமெரிக்காவின் எஃப்.பி.ஐ.யே ஒரு பிக்ஃபுட் முடியைப் பரிசோதித்து மான் குடும்பம் என்று 1977இல் பதில் எழுதியது.

மரபணுச் சோதனைக்கு வண்டலூரில் உயர்நிலை வன உயிரினப் பாதுகாப்பு நிறுவனம் இருக்கிறது, ஹைதராபாதில் லாகோன்ஸ் இருக்கிறது. வனச்சரக அலுவலகம் வழியாகப் போவதே முறை. முடிவில் "அடையாளம் காண முடியவில்லை" என்று வந்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். மாதிரி அழுகிப்போயிருந்தாலும், எடுத்தவர் கை பட்டு மனித மரபணு கலந்திருந்தாலும் அதே பதில்தான் வரும். புது விலங்கென்றால் பதில் வேறு விதமாக இருக்கும்: இந்தக் குடும்பத்தோடு இத்தனை சதவீதம் பொருந்துகிறது, ஆனால் தெரிந்த எந்த இனமும் இல்லை என்று சொல்லும். எட்டி என்று காத்துவைத்திருந்த எலும்பு, பல், தோல், முடி, எச்சம் என்று 9 மாதிரிகளை 2017இல் சோதித்தார்கள். 8 கரடி, 1 நாய். லாக் நெஸ் ஏரியில் 2018இல் சுமார் 250 நீர் மாதிரி எடுத்து, தண்ணீரில் உதிர்ந்த மரபணுவை எல்லாம் படித்தபோது ஊர்வன எதுவும் அகப்படவில்லை. விலாங்கு மீன் ஏராளமாக அகப்பட்டது.

இவை எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் படுவது சாணம். உயிருள்ள விலங்கு தினமும் தின்னும், தினமும் கழியும். காட்டு மாடு போகிற வழியெல்லாம் போட்டுவிட்டுப் போகும். கரடி எச்சத்தில் கறையானும் பழக்கொட்டையும் கிடக்கும். சுமார் 400 சதுர கிலோமீட்டர் மலையில் ஒரே ஒரு விலங்கு தலைமுறை தலைமுறையாக உயிரோடு இருக்க முடியாது. ஆண், பெண், குட்டி என்று கூட்டம் வேண்டும். கூட்டம் இருந்தால் சாணம் இருக்கும், எலும்பு இருக்கும், வளைவில் வண்டி மோதிச் செத்த ஒன்றாவது இருக்கும். ஆனால் கதையில் வரும் விலங்கு உறுமுகிறது, நிற்கிறது, மறைகிறது. ஒரு நாளும் சாணம் போடுவதில்லை. இந்த மலையின் பழங்குடிகளான மலையாளிப் பெரியவர்களிடம் பேசும்போது "பூதம் இருக்குங்களா" என்று கேட்காமல், "அது என்னங்க திங்கும்? எந்த மாசம் குட்டி போடும்? எச்சம் எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். காட்டிலேயே வாழ்ந்தவர்கள் கேளையாட்டுக்கும், அலங்குக்கும், முள்ளம்பன்றிக்கும் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொல்வார்கள்.

"அழிந்தே போனதென்று நினைத்த சீலகாந்த் மீன் திரும்பி வரவில்லையா" என்பார்கள். வந்தது, தென்னாப்பிரிக்காவில் 1938இல், வலையில் முழு உடலாக. கொமோரோ தீவு மீனவர்களுக்கு அதற்கு முன்பே அதன் பெயர் தெரியும். வியட்நாமின் சாவோலா என்ற கொம்புள்ள காட்டு விலங்கு 1992இல் வெளியுலகுக்குத் தெரிந்ததும் வேட்டைக்காரர்கள் வீட்டில் இருந்த கொம்புகளிலிருந்துதான். நம் பக்கத்துக் கடப்பையில் ஜெர்டன் கல்குருவி 1900க்குப் பிறகு 86 வருஷம் காணாமல் போய், 1986இல் உயிரோடு கைக்கு வந்தது. மூன்றிலும் சான்றாக வந்து நின்றது உடல், அல்லது உடலின் ஒரு பாகம்.

கட்டுக்கதையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் மண்ணுளிப் பாம்பைப் பார்க்க வேண்டும். இருதலை என்று பேர் கட்டி, லட்சக்கணக்கில் விலை போகும் என்று கிளப்பிவிட்டு, மொண்ணையான வாலைக் கீறிக் கண்ணும் வாயும் மாதிரித் தழும்பு உண்டாக்குகிறார்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் காக்கப்பட்ட பிராணி அது. பணம் கட்டி ஏமாந்தவருக்காவது வாய் இருக்கிறது. கோணிப்பைக்குள் சாகும் பாம்புக்கு அதுவும் இல்லை.

சேர்வராயனில் வால் மொண்ணையான இன்னொரு பாம்பு உண்டு. கேடயவால் பாம்பு, அறிவியல் பெயர் யூரோபெல்டிஸ் ஷார்ட்டி. உலகத்தில் இந்த மலையில் மட்டும் வாழ்வது. வால் நுனி சாய்வாகச் சீவிய மாதிரி இருக்கும், சொரசொரப்பான அந்த இடத்தில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். மண்புழு தின்னும், யாரையும் கடிக்காது. ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் 1863இல் இதை விவரித்தார். பின்னால் வந்தவர்கள் வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள், பெயரே போய்விட்டது. 2014இல் செதில்களையும் வண்ணத்தையும் மறுபடி ஒப்பிட்டு, இது தனி இனம்தான் என்று பெயரைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பார்க்க உடல்கள் பாட்டிலில் இருந்தன.

மழை பிடித்துவிட்டால் இது மண்ணை விட்டு மேலே வரும், மண்வெட்டியிலும் டயரிலும் மாட்டும். சாலையில் ஒன்று செத்துக் கிடந்தால் பக்கத்தில் 10 ரூபாய் நாணயத்தை வைத்து, தலை, வால், வயிறு என்று மூன்று படம் எடுங்கள். எந்த வளைவு, என்ன நேரம், மழை பெய்ததா என்று எழுதுங்கள். உடலை எடுக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.